உலகத்தையே பார்க்கலாம்

சுற்றுகிறது. டிவியின் நட்டநடுவில் அந்த வெள்ளை வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கீழே ‘ஏற்றப்படுகிறது’ என்று தமிழில் வேறு போட்டிருக்கிறது. எதை ஏற்றுகிறாய், எங்கே ஏற்றுகிறாய், என் கடைக்கு லோடு ஏற்றுகிறவன் இந்நேரம் அத்தனை பெயிண்ட் டப்பாவையும் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, டீயும் குடித்திருப்பான். இங்கிருந்து பைபாஸ் ரோட்டு மண்டபம் ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். அங்கே என் தங்கை மகள் தர்ஷினிக்கு இன்றைக்குக் கல்யாணம். நான் அவளுக்கு ஒரே தாய்மாமன். திண்டுக்கல்லில் தனுஷ்கோடி பெயிண்ட் கடை என்றால் ஆட்டோக்காரன் வழி கேட்கமாட்டான். அப்பேர்ப்பட்டவன் லுங்கியைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, டிவிக்குப் பின்னால் சொருகியிருக்கிற விரல் நீள இன்டர்நெட் குச்சி மனசு வைத்து அந்தக் கல்யாணத்தைக் காட்டுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெண்ணை மணவறைக்குக் கைபிடித்துக் கூட்டிவருவது யார்? தாய்மாமன். மாலை போடுவது யார்? தாய்மாமன். நெற்றியில் பட்டம் கட்டுவது யார்? கேட்கவே வேண்டாம். அதையெல்லாம் இன்றைக்கு எவன் செய்யப்போகிறான், அது மட்டும் தெரிந்தால் போதும், தெரிந்ததும் டிவியை அணைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். அவன் முகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும், அவ்வளவுதான். சுற்றுகிறது. ஜெயக்கொடி காலையிலேயே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெண்டாட்டி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள், இந்த மாதிரி சமயத்தில் கூடவே முறைத்துக்கொண்டு உட்காரத்தானே? வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறாள், “நீங்க முறுக்கிக்கிட்டே இருங்க. அது நான் தூக்கி வளத்த புள்ள, நான் போறேன்.” ஆட்டோவும் உடனே கிடைத்துவிட்டது அவளுக்கு. எனக்கு மட்டும்தான் எதுவும் உடனே கிடைப்பதில்லை.

முறுக்கு என்கிறாள். இது முறுக்கா? மூன்று வாரத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, அதாவது என் தங்கை சௌந்தரத்தின் வீட்டுக்காரர் வேலுச்சாமி, இதே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். மதுரையில் தோவாளைப் பூவில் ஆளுயர மாலை கட்டுகிற ஒருவர் இருக்கிறார், அவரிடம் சொல்லி வைக்கப்போகிறேன், ரோஜாவும் சம்பங்கியும், நடுவில் ஏலக்காய் வைத்து, என்று ஆசையாக ஆரம்பிக்கிறேன். அவர் காபியை ஊதிக்கொண்டே, “உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்? மாலையெல்லாம் பேக்கேஜ்லயே வந்துருச்சு” என்கிறார். பேக்கேஜ். மேடை அலங்காரம், வாசலில் பன்னீர் தெளிக்கிற பொம்மை, பஞ்சுமிட்டாய், தாய்மாமன் மாலை, எல்லாம் ஒரே பேக்கேஜ். பொம்மைக்குப் பக்கத்தில் நான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், மனுஷர் எதையும் கெட்ட எண்ணத்தில் சொல்கிறவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல், கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். போன வாரம் சௌந்தரம் போன் பண்ணியபோது, இடுப்பு பிடித்துக்கொண்டது, வரமுடியுமா தெரியவில்லை என்றேன். எந்த ஊரில் எந்தத் தங்கச்சி இதை நம்புவாள்? கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தாய்மாமனுக்கு இடுப்பு வலி என்றால் அது இடுப்பில் இல்லை என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கவேண்டும், என்னண்ணே என்ன மனவருத்தம் என்று கேட்கவேண்டும், நான் ஒன்றுமில்லை என்று சொல்லவேண்டும், அவள் அழவேண்டும், நான் சட்டையை மாட்டவேண்டும். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் இவள் என்ன செய்தாள்? “அய்யய்யோ, அலையாதண்ணே, ரெஸ்ட் எடு” என்றாள். நம்பிவிட்டாள். மறுநாள் மாப்பிள்ளை கூப்பிட்டு, “கவலைப்படாதீங்க மச்சான், கேமராக்காரர்ட்ட சொல்லி லைவ் போடச் சொல்லிட்டேன். உங்க வீட்லதான் அந்தக் குச்சி இருக்கே, பெருசா, தெளிவா பாத்துரலாம்” என்கிறார். அன்றைக்கே போனை அணைத்துப் பீரோவில் வைத்திருக்கவேண்டும். நேற்று ராத்திரிதான் வைத்தேன். போன் எடுக்கவில்லை என்றால் ஆள் வரும். ஆள் வரத்தான் வேண்டும்.

குச்சியைப் பற்றி அவரிடம் சொன்னது யார்? நானேதான். அவரிடம் மட்டுமா, கடைக்கு வருகிற பெயிண்டர்களிடம், பால்காரரிடம், ஒரு காதுகுத்துப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு முன்பின் தெரியாத ஒருவரிடம். உலகத்தையே பார்க்கலாம் என்பேன். இனிமேல் எதற்கும் நேரில் போகவேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்தில் உலகம் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சின்ன அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காலையில் யோகா பார்த்துச் செய்யவேண்டும், வயிறு குறையும். கடலுக்கடியில் திமிங்கலம் எப்படித் தூங்குகிறது என்று பார்க்கவேண்டும். இத்தாலியில் சுவரில் சித்திரம் எழுதுகிறார்களே, அந்தச் சாயத்தை எதில் குழைக்கிறார்கள், அதைக் கற்றுக்கொண்டு கடையில் ஒரு மூலையில் செய்து காட்டவேண்டும். கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொள்ளவேண்டும், கீபோர்டே இல்லை, இருந்தாலும் பார்த்து வைத்துக்கொள்ளலாம். தர்ஷினிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தாள். உள்ளே நுழைந்தால் ‘மாமா’ என்று பெயர் போட்ட ஒரு கட்டம், அதில் மீசை வைத்த ஒரு பொம்மை முகம். எழுத்தெல்லாம் தமிழுக்கு மாற்றினாள். “மாமா, இதுல இல்லாதது எதுவுமே இல்ல” என்றாள். அது உண்மைதான். எல்லாமே இருக்கிறது. நான்தான் இன்றைக்கு வரைக்கும் அந்த மீசைப் பொம்மையைத் தாண்டிப் போனதில்லை. இரண்டு வருஷமாக அது எனக்குச் செய்த ஒரே உபகாரம், சும்மா விட்டால் தானாக வருகிற மலைப் படங்கள். பனி மலை, ஏரி, ஒரு மரவீடு, மறுபடி பனி மலை. ஐவரியும் சாம்பலும் கலந்த நல்ல ஷேடுகள், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜெயக்கொடி உள்ளறையில் பழைய டிவியில் கேபிளில் சீரியல் பார்ப்பாள். யாராவது வந்தால், “அவரு மலை பாக்குறாரு” என்பாள். வாங்கினதெல்லாம் இப்படித்தான் ஆகிறது என்னிடம். நடக்கிற மெஷினில் துணி காய்கிறது. மாடியில் தொட்டிகளில் மண் மட்டும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தெம்பு இருக்கிறது, வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை. நானும் அந்த மாதிரிதான் என்று வையுங்களேன். தாய்மாமன் என்று ஒரு பெரிய பதவி, உள்ளுக்குள் அத்தனையும் இருக்கிறது, சொருகி வைத்திருக்கிறார்கள்.

வளையம் நின்றுவிட்டது. ‘ஏதோ தவறாகிவிட்டது. பிறகு முயலவும்.’ ஏதோ என்றால் என்ன? என்ன தவறு, யார் செய்த தவறு, அதைச் சொன்னால்தானே சரிசெய்ய முடியும்? மறுபடி முதலிலிருந்து. மீசை பொம்மை. தேடு. எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன, ரிமோட்டில் நம்பர் ஒன்றுகூட இல்லை, ஒரு வட்டம், அதில் நாலு பக்கம், வலது, வலது, கீழே, வலது, இந்த எழுத்து, சரி. அடுத்த எழுத்து மறுகோடியில் இருக்கிறது. வலது, வலது, வலது, ஒன்று தாண்டிப் போய்விட்டது, இடது, மறுபடி தாண்டிவிட்டது. வாணி டிஜிட்டல் என்று எழுதுவதற்குள் தாலியே கட்டி முடித்துவிடுவார்கள். வாணி டிஜிட்டல்தான் கேமராக்காரர் பெயர், பத்திரிகையில் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதே பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயர் மேலே தங்க எழுத்தில் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும், அதில் குறை வைக்கவில்லை. வேர்க்கிறது. ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் கழுத்தில் வேர்வை இறங்குகிறது. எதிர்வீட்டில் மிக்சி ஓடுகிறது, சட்னிக்கு. மண்டபத்தில் இந்நேரம் முதல் பந்தி முடிந்திருக்கும், பொங்கல், வடை, அந்த நெய் வாசனை. நான் ராத்திரி மீந்த இட்லியை உதிர்த்துத் தின்றேன். இதோ, வந்துவிட்டது. தர்ஷினி திருமணம், நேரலை, சிவப்புக் கட்டத்தில் எழுத்து. அழுத்துகிறேன். கறுப்பு. சுற்றுகிறது. பிறகு ஒரேயடியாக நாதஸ்வரம், அடேயப்பா, வீடே அதிர்கிறது, சத்தத்தைக் குறைக்கிறேன். மண்டபம். தெளிவாகத்தான் இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது. பின்சுவரில் டெரகோட்டா அடித்திருக்கிறார்கள், ஒரே கோட்தான், கேமராவிலேயே தெரிகிறது. மேடையில் மாப்பிள்ளைப் பையன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெண் இன்னும் வரவில்லை. ஐயர் ஏதோ எடுத்து வைக்கிறார். ஜெயக்கொடி முன்வரிசையில் உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசுகிறாள், சிரிக்கிறாள் பார். அப்புறம் கேமரா மெதுவாகத் திரும்புகிறது, பெண் அறை வாசலுக்கு. அங்கே நிற்கிறான். மாரியப்பன்.

எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். என் சித்தப்பா மகன். ஒன்றுவிட்ட தாய்மாமன். புது வேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு, சந்தனம் மணிக்கட்டு வரைக்கும். எந்த வீட்டு விசேஷத்திலும் இவன்தான் முதல் ஆளாக நிற்பான், கூப்பிடாமலேயே சேர் தூக்குவான், சாம்பார் வாளியைப் பிடிப்பான், எல்லோருக்கும் நல்லவன். இவனுக்கு ஒரு நாள்கூட இடுப்பு பிடிக்காது. இப்போது தாய்மாமன் வேலைக்கும் வந்து நின்றுவிட்டான், காலி இடம் எங்கே என்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பான் போல. கையில் ஒரு தாம்பாளம். அதில் பட்டம்தான் இருக்கும், மஞ்சள் நூல் தொங்குவது தெரிகிறது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுகிறது. நில்லுடா அங்கேயே என்று கத்தி, கட்டைவிரலுக்கு அகப்பட்ட பொத்தானை அமுக்குகிறேன். நின்றுவிட்டான். ஒரு காலைத் தூக்கியபடி, வாயைப் பாதி திறந்தபடி, மாரியப்பன் அப்படியே நின்றுவிட்டான். நாதஸ்வரமும் நின்றுவிட்டது. இரண்டு வருஷத்தில் இந்தக் குச்சி நான் சொன்னதை உடனே கேட்டது இதுதான் முதல் தடவை. அப்பாடா. நில். தாய்மாமனாம். அவள் பிறந்தபோது அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய நின்றது நீயா? காதுகுத்தும்போது யார் மடியில் உட்கார்ந்திருந்தாள்? என் மடியில். ஆசாரி ஊசியை எடுத்ததும் இந்த முழங்கையைக் கடித்தாள் பாரு, பல் பதிந்து நாலு நாள் இருந்தது. கண்ணீரும் எச்சிலுமாக என் சட்டையெல்லாம் நனைந்து சூடாக இருந்தது. அந்தச் சூடு இன்னும் கை மேல் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. நீ அன்றைக்கு மொய் எழுதுகிற இடத்தில் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் போய் எப்படி அவள் கையை நீட்டுவாள்? பேசு. பேசமாட்டான், வாயைத் திறந்தபடி நிற்கிறான், முகம் சரியில்லாமல்தான் இருக்கிறது, ஏதோ வயிற்றுவலி வந்தவன் மாதிரி, நன்றாக இருக்கட்டும். இப்படியே இருக்கட்டும் கல்யாணம். நான் சொல்லும்போது நடக்கட்டும்.

கல்யாணத்தை நிறுத்தி வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. சவரம் பண்ணிக்கொள்ளலாம். கார் வந்துவிட்டால் மூன்று நாள் தாடியோடு ஏறமுடியாது. வரும், எப்படியும் வரும், மாப்பிள்ளையின் வெள்ளைக் கார், வாசலில் இரண்டு தடவை ஹாரன். நான் உடனே வெளியே போகக்கூடாது. வெந்நீர் வைக்கிறேன். முகத்தில் நுரையைக் குழைத்துப் பூசிக்கொண்டு கண்ணாடியில் பார்க்கிறேன், அம்பத்தேழு வயசு, மூக்கில் முடி வெள்ளையாகிவிட்டது. வராவிட்டால்? வராமல் எங்கே போவார்கள். அவள் நம்பிவிட்டாளே, இடுப்பு வலி என்று நிஜமாகவே நம்பிவிட்டாளே, நம்புகிறவளை என்ன செய்வது? சின்ன வயசிலும் அப்படித்தான், கிணற்றுக்குள் ரயில் போகிறது என்று சொன்னேன், சாயங்காலம் வரைக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் கோபம் வந்தால் நேராகச் சொல்லிவிடவேண்டும், மறைத்துச் சொன்னால் அவளுக்குப் புரியாது. இது தெரிந்தும் மறைத்துச் சொன்னேன். மாலையை நான்தான் கொண்டுவருவேன், பேக்கேஜைத் தூக்கிக் குப்பையில் போடு என்று ஒரு வரி. அதைச் சொல்ல இந்த வாய்க்கு வரவில்லை. இவ்வளவு பேசுகிற வாய். சொல்லிக் கேட்டு வாங்கினால் அது என்ன மரியாதை? தானாக வரவேண்டும். தாடையில் லேசாக வெட்டிவிட்டது. படிகாரம் எங்கே வைத்தாள்? ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்கிறேன், சீரகம், கடுகு, படிகாரம் குளியலறை ஜன்னலில் இருக்கிறது, காலையிலிருந்து கண் முன்னாலேயே. எரிகிறது. குளித்தும் விடலாம். குளித்துவிட்டு வேட்டியை எடுக்கிறேன், மயில்கண் கரை வேட்டி, நேற்றே இஸ்திரி போட்டு வாங்கி வைத்தது, ஜெயக்கொடிக்குத் தெரியாமல் பெட்டிக்குள். தெருவில் கார் சத்தம். நின்று கேட்கிறேன். தாண்டிப் போய்விட்டது. தண்ணி லாரி. மறுபடி ஒன்று, அது கேஸ் வண்டி. பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, தெருவில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஜன்னலை எட்டிப் பார்க்கிறேன். ஒருத்தரும் வரவில்லை. வரப்போவதில்லை. அவர்களுக்கு நான் வேண்டாம். லைவ் போதும். எனக்கு லைவ், அவர்களுக்கு மாரியப்பன். பேக்கேஜில் இல்லாதது ஒன்றும் இல்லை. இந்த வயசில் என்ன இது, அழுகை வருகிறது எனக்கு, ஒரு மாலைக்காக. போய் உட்கார். அவன் கட்டட்டும், பார்த்துவிட்டு வா, அதோடு இந்த உறவு முடிந்தது.

மாரியப்பன் இன்னும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அமுக்குகிறேன். நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து கிளம்புகிறது, அவன் காலை ஊன்றுகிறான், திறந்த வாயால் பேசுகிறான். “வேணாம் ஆத்தா, என்னால முடியாது. அண்ணன் இருக்கைல நான் எப்பிடித் தொடுவேன்? பாவம் எனக்கு” என்கிறான். தாம்பாளத்தை அப்படியே சௌந்தரத்தின் பக்கம் நீட்டுகிறான். கண் கலங்கியிருக்கிறது அவனுக்கு. வயிற்றுவலி இல்லையா அது. அவளுக்குப் பின்னால் தர்ஷினி, அரக்குச் சேலையில், என்ன அழகாக இருக்கிறாள் பிள்ளை, கழுத்து மட்டும் வெறுமையாக. சௌந்தரம் தாம்பாளத்தை வாங்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்து நடந்துவருகிறாள், வந்துகொண்டே இருக்கிறாள், முகம் டிவி முழுக்க ஆகிவிட்டது.

“ஏங்க, இதை எத்தனை பேரு பாக்குறாங்கன்னு தெரியுமா?”

“ஒருத்தர் பாக்குறாருன்னு காட்டுதும்மா” என்கிறது கேமராக்காரர் குரல். “மத்த எல்லாரும் இங்கதான இருக்காங்க.”

“அது எங்கண்ணன்.” என் கண்ணைப் பார்க்கிறாள். இல்லை, என் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே. “அண்ணே, கேக்குதா? போனை ஏன் அமத்தி வச்சிருக்க? நேத்திருந்து அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு போச்சு. அண்ணி இப்பத்தான் சொன்னாங்க, இடுப்பு வலியும் இல்ல ஒண்ணும் இல்லன்னு. மாலைக்காகவா இம்புட்டும்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீ? அந்தப் பேக்கேஜ் மாலையை நான் பிரிக்கவே விடலண்ணே. நீ கொண்டுவர்ற மாலைதான். ரோட்டுல நாலு பூவை வாங்கிக் கட்டிட்டு வந்தாலும் அதைத்தான் போடுவா. வெறுங்கழுத்தோட நிக்கிறா பாரு. இப்ப மணி ஒன்பதரை. பத்து வரைக்கும் முகூர்த்தம் இருக்கு, அதுவரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்னு ஐயர் சொல்லிட்டாரு. பத்து நிமிசந்தான வீடு. வாண்ணே.”

தர்ஷினி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். “மாமா, வாங்க மாமா. நீங்க வந்தாத்தான் நான் உள்ள வருவேன்.”

ஊரறியக் கூப்பிட்டுவிட்டாள். சபையில், மேளத்தை நிறுத்தி, சம்பந்தி வீட்டார் முன்னால். எங்கள் அப்பாவைக்கூட யாரும் இப்படி அழைத்ததில்லை. அடி என் தங்கமே. எழுந்துவிட்டேன், இடுப்பு, வலது பக்கம், நிஜமாகவே சுருக்கென்றது, சிரிப்பு வருகிறது எனக்கு. சட்டை எங்கே, இதோ. ஸ்கூட்டர் சாவி. பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கடையில் கட்டின மாலை தொங்கும், இருப்பதிலேயே பெரியது, ரோஜா இல்லாவிட்டால் செவ்வந்தி, எதுவானால் என்ன, அவளே சொல்லிவிட்டாள். மாரியப்பனுக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவேண்டும். இல்லை, கட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டும். கேமரா அவர்களையே காட்டிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் மண்டப வாசலைப் பார்க்கிறார்கள், ஐயர் விசிறிக்கொள்கிறார். இருங்கள், வந்துவிட்டேன், இதோ. உலகத்தையே காட்டும் என்று சொன்னேனே, சும்மாவா சொன்னேன். பொத்தான் மாற்றிப் போட்டுவிட்டேன், கழற்றிப் போடுகிறேன், பத்து நிமிஷம், பூக்கடையில் ஐந்து, பத்து மணிக்குள் தாராளமாக, என்று தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். பத்து இருபது.

இந்தக் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடும். ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம்தான் முந்தி ஓடும். டிவியைப் பார்க்கிறேன், அங்கே சௌந்தரம் தன் வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்கிறாள், அங்கே ஒன்பதரை. மேலே மூலையில் சிவப்பாக இருந்த ‘நேரலை’ வெளுத்திருக்கிறது. அடியில் ஒரு கோடு ஓடுகிறது, கோட்டில் ஒரு புள்ளி, புள்ளிக்கு அந்தப் பக்கம் இன்னும் இவ்வளவு கோடு பாக்கி. கல்யாணம் நிற்கவில்லை. நான் நிறுத்தினது படத்தை. நுரை குழைத்தபோதும், படிகாரம் தேடினபோதும், கட்டிலில் உட்கார்ந்து தண்ணி லாரிக்குக் காது கொடுத்தபோதும் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது. இவள் என்னைக் கூப்பிட்டது இப்போது இல்லை. எப்போதோ. இருக்காது. ஏதாவது தடங்கல் வந்திருக்கும், ஐயர் தாமதித்திருப்பார், சௌந்தரம் விட்டிருக்கமாட்டாள். வலது, வலது, புள்ளி நகரமாட்டேன் என்கிறது, அமுக்கிப் பிடிக்கிறேன், புள்ளி ஓடுகிறது, கோட்டின் கோடிக்குப் போய் முட்டுகிறது. கறுப்பு. சுற்றுகிறது. சுற்றாதே. சுற்றாதே, உன் காலில் விழுகிறேன்.

சிவப்புக் கம்பளம் முழுக்க அட்சதை. மேடையில் வரிசையாக ஏறிப் பரிசுப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தர்ஷினி கழுத்தில் தாலி. நெற்றியில் பட்டம், சற்றுக் கோணலாக, மனசில்லாமல் கட்டினது மாதிரி. பின்னால் மாரியப்பன் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கிறான். ஜெயக்கொடி முன்வரிசையில் இல்லை. யாரோ தர்ஷினியைப் போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்கிறார்கள், சிரிக்கிறாள். சௌந்தரம் மேடைப் படியில் இறங்கி இந்தப் பக்கம் வருகிறாள். மெதுவாக வருகிறாள். கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள். இந்தத் தடவை கேமராவைப் பார்க்கவில்லை.

“அந்த ஒருத்தர் இன்னும் பாக்குறாரா?”

“பாக்குறாரும்மா. அப்பயிருந்து இருக்காரு, கட்டே ஆகல.”

“அப்ப நான் கூப்பிட்டது கேட்டிருக்கும்.”

“நல்லாவே கேட்டிருக்கும்மா. மைக் பக்கத்துலதான இருந்துச்சு.”

தலையை ஆட்டிக்கொள்கிறாள். “சரி, அதை அமத்திருங்க” என்கிறாள். “இனிமே யாருக்கு?”

“சௌந்தரம், நான் பாக்கல. நான் இங்க இல்ல, சவரம் பண்ணப் போயிட்டேன், நிறுத்திட்டுப் போயிட்டேன், இப்பத்தான் கேட்டேன், இப்பத்தான் நீ கூப்பிட்ட எனக்கு.” டிவிக்கு முன்னால் முட்டி போட்டு, இரண்டு கையாலும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சொல்கிறேன். அவள் அதற்குள் திரும்பி மேடைப் பக்கம் நடந்துவிட்டாள். ‘இந்த நேரலை முடிந்துவிட்டது’ என்று தமிழில் வருகிறது.